"யூடியூப்ல பாத்துட்டோம் மிஸ்"னு பசங்க சொன்னா என்ன பண்றது?

கும்பகோணம் பக்கத்துல ஒரு எய்டட் ஸ்கூல்ல 9-வது, 10-வதுக்கு சயின்ஸ் எடுக்கற டீச்சர் ஒருத்தங்க ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. சுருக்கமா சொன்னா இதுதான். கிளாஸ்ல 42 பேர். எந்தப் பாடத்த ஆரம்பிச்சாலும் பின் பெஞ்சுல இருந்து "இத யூடியூப்ல பாத்துட்டோம் மிஸ்"னு ஒரு குரல் வருது. ஸ்மார்ட் போர்டு வந்துச்சேன்னு லீவு நாள்லயெல்லாம் உக்காந்து ஒவ்வொரு பாடத்துக்கும் பிபிடி பண்ணாங்க, மொத வாரம் கண்ணு கொட்டாம பாத்தாங்க, மூணாவது வாரம் கொட்டாவி. ஒரு பையன் ஸ்டாஃப் ரூம்ல யார் ஃபோன் ஹேங் ஆனாலும் சரி பண்ணிக் குடுப்பான், கல்யாண வீடியோ ரீல்ஸ் எடிட் பண்ணி காசு கூட வாங்கறான், ஆனா சயின்ஸ் நோட்ட மட்டும் திறக்க மாட்டேங்கறான், காலாண்டுல 19 மார்க். இன்னும் நாலஞ்சு பேர் அசைன்மென்ட்ட சாட்ஜிபிடில கேட்டு அப்படியே எழுதிட்டு வந்துடறாங்க. கடைசில கேட்டிருக்காங்க: "எனக்கு 44 வயசாச்சு சார், இவங்க வேகத்துக்கு என்னால ஓட முடியல, எந்த ஆப் கத்துக்கிட்டா இவங்கள உக்கார வைக்கலாம்னு சொல்லுங்க."

டீச்சர், ஆப் பேரும் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க. மொதல்ல ஒண்ணு சொல்லணும், நீங்க ஓட வேண்டிய அவசியமே இல்ல. நான் 24 வருஷம் இதே 9-வது, 10-வதுக்கு ஃபிசிக்ஸ் எடுத்தவன், இப்ப டீச்சர் ட்ரெய்னிங்ல கருத்தாளரா போயிட்டு வரேன், போற எடத்துல எல்லாம் இதே கவலைதான், பசங்களுக்கு நம்மள விட டெக்னாலஜி நல்லா தெரியுது, நாம பின்தங்கிட்டோம்னு. அது பாதிதான் உண்மை. ஒருதடவை கம்ப்யூட்டர் லேப்ல பசங்கள ஒரு பத்தி டைப் பண்ணி, பேர் குடுத்து சேவ் பண்ணி, மெயில்ல அட்டாச் பண்ணி அனுப்ப சொன்னேன். பாதிப் பேருக்கு மேல ஃபைல் எங்க போச்சுன்னே தெரியாம தேடிக்கிட்டு இருந்தாங்க, வீட்ல அத்தனை பேரும் நாள் பூரா ஃபோன நோண்டறவங்கதான். 2001-ல மார்க் பிரென்ஸ்கின்னு ஒரு அமெரிக்கர்தான் இந்தக் காலத்து பிள்ளைகள 'டிஜிட்டல் உலகத்துலயே பொறந்தவங்க'ன்னும் நம்மள அங்க குடியேற வந்தவங்கன்னும் பிரிச்சு எழுதினார், அதுல இருந்துதான் இந்தப் பயமே எல்லா ஊருக்கும் பரவுச்சு. 2017-ல கிர்ஷ்னர், டி பிரைக்கர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்துட்டு, அப்படி தனியா ஒரு தலைமுறை இருக்குன்றதுக்கு ஆதாரம் இல்லன்னு எழுதினாங்க. நம்ம பசங்களுக்கு ஃபோன் பழக்கம் இருக்கு, அது நிஜம். ஃபோன்ல பாத்தது சரியா தப்பான்னு பிரிச்சுப் பாக்கற பழக்கம் இல்ல, அத சொல்லிக் குடுக்க நீங்கதான் வேணும்.

அப்போ பிபிடிக்கு ஏன் கொட்டாவி விட்டாங்க? ஃபோன்ல அவன் என்ன பண்றான்னு கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து பாருங்க. தொட்டா ஒண்ணு நடக்குது, தப்பா தொட்டா உடனே தெரியுது, திரும்ப ட்ரை பண்றான், ஒவ்வொரு நொடியும் அவனுக்கு ஒரு வேலை இருக்கு, அவன் செஞ்சதுக்கு பதில் வருது. நம்ம கிளாஸ்ல 40 நிமிஷ பீரியட்ல ஒரு பையனுக்கு வேலைன்னு என்ன இருக்குன்னு எண்ணிப் பாத்தா, கேக்கறது, எழுதறது, அவ்வளவுதான். போர்டுல சாக்பீஸ்ல எழுதினாலும் ஸ்மார்ட் போர்டுல கலர் கலரா ஓடவிட்டாலும் பையனுக்கு வேலை மாறல, உக்காந்து பாக்கற வேலைதான், அந்த வேலைக்கு நம்ம பிபிடிய விட யூடியூப் எவ்வளவோ மேல, அதுல சந்தேகமே இல்ல. அதனால படம் காட்டறதுல நாம யூடியூப் கூட போட்டிக்கு நிக்க வேண்டாம். நீங்க ராத்திரி உக்காந்து பண்ண பிபிடி வீண்னு நான் சொல்லல, அதுல இருக்கற படங்கள் வேற எடத்துல உதவும், ஆனா அத வச்சு பாடத்த ஆரம்பிக்காதீங்க.

"பாத்துட்டோம் மிஸ்"ங்கறதுக்கு வரேன். அவன் பொய் சொல்லல டீச்சர், நிஜமாவே பாத்துட்டான், புரிஞ்ச மாதிரியும் அவனுக்கு இருக்கு. வெரிடாசியம்னு ஒரு பெரிய சயின்ஸ் சேனல், உங்க கிளாஸ்லயே ரெண்டு மூணு பேர் பாத்திருப்பாங்க, அத தொடங்கின டெரெக் முல்லர் அந்த சேனல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சிட்னி யூனிவர்சிட்டில இதையேதான் பிஎச்டிக்கு ஆராய்ச்சி பண்ணார், 2008-ல முடிச்சார். ஃபிசிக்ஸ் வீடியோவ ரெண்டு விதமா பண்ணி மாணவர்களுக்கு காட்டினார். ஒண்ணு தெளிவா, சுருக்கமா, சரியானத மட்டும் சொல்ற வீடியோ. பாத்தவங்க எல்லாரும் நல்லா புரிஞ்சுதுன்னாங்க, ஆனா திரும்ப டெஸ்ட் வச்சப்ப மார்க் கிட்டத்தட்ட ஏறவே இல்ல. இன்னொண்ணு, ஜனங்க வழக்கமா தப்பா நினைக்கறத மொதல்ல ஒருத்தர் பேசி, அது ஏன் தப்புன்னு அப்புறம் பேசற வீடியோ. பாத்தவங்க குழப்பமா இருந்துச்சுன்னாங்க, ஆனா மார்க் இவங்களுக்குத்தான் நல்லா ஏறுச்சு. தெளிவான வீடியோவ பாக்கறப்ப பையன் தனக்கு ஏற்கனவே தெரிஞ்சதத்தான் இவர் சொல்றார்னு நினைச்சுக்கறான், மனசுல இருக்கற தப்பு அப்படியே பத்திரமா இருக்கு. நம்ம கவர்மென்ட் பாட ஆப்புக்கு மணற்கேணின்னு, அதாவது மணல்ல தோண்டற கிணறுன்னு, திருக்குறள்ல இருந்துதான் பேர் எடுத்து வச்சாங்க, தோண்டினாத்தான ஊறும், மேல நின்னு எட்டிப் பாத்துட்டு வந்தா எப்படி ஊறும்.

அதனால "பாத்துட்டோம்"னு ஒருத்தன் சொன்னா அத அப்படியே பிடிச்சுக்கோங்க. சந்தோஷமா "அப்படியா, அப்ப ஒரே ஒரு கேள்வி"ன்னு ஆரம்பிங்க. 9-வதுல ஒலி பாடத்துக்கு நான் போடற கேள்வி இது. மார்கழி விடியக்காலைலயும், சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கும், அதே கோயில் மைக்ல அதே சத்தம் வருது. எப்ப சத்தம் காத்துல வேகமா போகும்? ஏ, மார்கழில. பி, சித்திரைல. சி, ரெண்டும் ஒண்ணுதான். டி, மைக் வால்யூம பொறுத்தது. ஒரு நிமிஷம் யாரும் யார்கிட்டயும் பேசக்கூடாது, தனியா யோசிச்சு ஒரு எழுத்த முடிவு பண்ணணும், அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல காட்டணும். நான் போட்ட கிளாஸ்ல எல்லாம் ஏ-தான் நிறைய வரும், வீடியோ பாத்துட்டேன்னு சொன்னவங்க கூட அதத்தான் காட்டுவாங்க. ஏன்னு கேட்டா, மார்கழில அஞ்சு மணிக்கு கோயில் பாட்டு எங்க தெரு வரைக்கும் கேக்குது சார், சித்திரைல கேக்கல, அதனால வேகம் ஜாஸ்தி. எவ்வளவு அழகான காரணம் பாருங்க, அவன் காதால கேட்டத வச்சு சொல்றான். ஆனா விடை பி. காத்து சூடாக ஆக சத்தத்தோட வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் செகண்டுக்கு சுமாரா 0.6 மீட்டர் ஏறுது. மார்கழில தூரமா கேக்கறதுக்கு காரணம் வேற, விடியக்காலைல தரைகிட்ட காத்து குளிர்ந்தும் மேல கொஞ்சம் சூடாவும் இருக்கு, மேல போற சத்தம் அங்க வேகமா போறதால வளைஞ்சு திரும்ப கீழ வருது, ஊரும் அமைதியா இருக்கு. தூரமா கேக்கறதும் வேகமா வரதும் வேற வேறன்னு அன்னிக்கு அவனுக்கு புரியும், அது எந்த ஒன் மார்க் கொஸ்டின்லயும் கிடைக்காது.

ஆனா உடனே விடைய சொல்லிடாதீங்க, இதுதான் முக்கியம். ஓட்டு எடுத்ததும் "பக்கத்துல வேற எழுத்து காட்டினவன் கிட்ட பேசி அவன ஒத்துக்க வை"ன்னு மூணு நிமிஷம் விடுங்க. கிளாஸ் சந்தைக்கடை மாதிரி ஆகும், ஆகட்டும், பாடத்தப் பத்திதான் கத்தறாங்க. அப்புறம் திரும்ப ஓட்டு. இது என் கண்டுபிடிப்பு இல்ல, ஹார்வர்டுல எரிக் மசூர்னு ஒரு ஃபிசிக்ஸ் புரொஃபசர் 1990-கள் ஆரம்பத்துல இருந்து இப்படித்தான் நடத்தறார். அவர் கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். கஷ்டமான கணக்கெல்லாம் போடற பசங்களுக்கு சாதாரண விசை பத்தி ஒரு டெஸ்ட் வச்சார், அதுல ஒரு மாணவி, இதுக்கு நீங்க சொல்லிக் குடுத்தபடி பதில் எழுதணுமா, நான் வழக்கமா நினைக்கறபடி எழுதணுமான்னு கேட்டுட்டா. அங்க இருந்துதான் அவர் பாடம் நடத்தற விதத்தையே மாத்தினார். நம்ம பசங்களும் அதேதான் டீச்சர், பரீட்சைக்கு ஒரு பதில், மனசுக்குள்ள ஒரு பதில்.

ஓட்டு எடுக்க ஆப் வேணுமான்னு கேப்பீங்க. பிளிக்கர்ஸ்னு ஒண்ணு இருக்கு, பசங்க கைல ஃபோன் தேவையில்ல, ஆளுக்கு ஒரு பிரிண்ட் எடுத்த அட்டை, அத எந்தப் பக்கம் மேல வர மாதிரி பிடிக்கறாங்களோ அதுதான் அவங்க விடை, உங்க ஃபோன் கேமராவ ஒருதடவை கிளாஸ சுத்தி காட்டினா யார் எத சொன்னாங்கன்னு வந்துடும். சாதா செட்ல 40 அட்டைதான், உங்களுக்கு 42 பேர்ங்கறதால பெரிய செட்ட பிரிண்ட் எடுங்க. நெட் சரியில்ல, பிரிண்ட் எடுக்க வழியில்லன்னா பழைய நோட்டு அட்டைய நாலா வெட்டி ஏ, பி, சி, டி எழுதி குடுங்க, ஒரு குறையும் இல்ல. மசூர் முறைய எலக்ட்ரானிக் கிளிக்கர், அதாவது பட்டன் அமுக்கி விடை சொல்ற கருவி, வச்சும் வெறும் அட்டை வச்சும் ஒப்பிட்டு 2008-ல ஒரு ஆய்வு வந்துச்சு, பசங்க கத்துக்கிட்டதுல பெருசா வித்தியாசம் இல்ல. எந்த ஆப்னு கேட்டீங்கள்ல, அதுக்கு என் பதில் இதுதான், கேள்வி நல்லா இருந்தா அட்டை போதும், கேள்வி மொக்கையா இருந்தா எந்த ஆப்பும் காப்பாத்தாது. இன்னொண்ணு, கேள்வி கேட்டுட்டு காத்திருங்க. மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970-கள்லயே டேப் போட்டு கேட்டு அளந்தாங்க, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு நொடிதான் பொறுக்கறாங்க, மூணு நொடி பொறுத்தாலே பசங்க பதில் நீளமாகுது, பேசாத பிள்ளைகளும் பேசுதுங்க. நானும் எண்ணிப் பாத்தேன், மூணு நொடி சும்மா நிக்கறது நமக்குத்தான் அவ்வளவு கஷ்டம்.

இப்ப டெக்னாலஜிய எங்க வைக்கறதுன்னு சொல்றேன். ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப், ஜெர்மனில ஆகன் நகரத்து டெக்னிகல் யூனிவர்சிட்டி பண்ணது, இலவசம், ஃபோன்ல இருக்கற மைக், சென்சார் எல்லாத்தையும் லேப் கருவியா மாத்திடுது. பசங்க ஃபோன் கொண்டு வரக்கூடாதுங்கற ரூல் உங்க ஸ்கூல்லயும் இருக்கும், உங்க ஃபோனும் இன்னொரு டீச்சர் ஃபோனும் போதும். அதுல சத்தத்துக்கு ஓடி சத்தத்துக்கு நிக்கற ஸ்டாப்வாட்ச் ஒண்ணு இருக்கு. ரெண்டு ஃபோனையும் சரியா 5 மீட்டர் தள்ளி வைங்க, டேப் பிடிக்கறது ரெண்டு பசங்க வேலை. மொத ஃபோன் பக்கத்துல ஒருத்தன் தட்டணும், ரெண்டு வாட்சும் ஓட ஆரம்பிக்கும், ஆனா தள்ளி இருக்கறது சத்தம் போய் சேர்ற நேரம் அளவுக்கு லேட்டா ஆரம்பிக்கும். அப்புறம் ரெண்டாவது ஃபோன் பக்கத்துல தட்டணும், இப்ப அது மொதல்ல நிக்கும், மொத ஃபோன் லேட்டா நிக்கும். ரெண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம்தான் சத்தம் 10 மீட்டர் போக எடுத்த நேரம்.

நான் மொதல் தடவை இத பண்ணப்ப நல்லா கேக்கட்டும்னு சத்துணவு தட்டையும் கரண்டியையும் எடுத்துட்டு வந்தேன். தட்டினதும் வாட்ச் ஓடுச்சு, உடனே தானா நின்னுடுச்சு. திரும்ப தட்டினேன், திரும்ப நின்னுச்சு. ஆப் கெட்டுப் போச்சு சார்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கும் கை ஓடல. மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு, அதுவரைக்கும் கிளாஸ்ல வாயே திறந்ததில்ல, எழுந்து வந்து தட்ட கையால அமுக்கி பிடிச்சுக்கிட்டு "இது இன்னும் அதிருது சார், அந்த சத்தத்த ஃபோன் ரெண்டாவது தடவை தட்டினதா நினைச்சுக்குது"ன்னா. அந்த நிமிஷத்த நான் இன்னிக்கும் மறக்கல. அதிர்வு இருக்கற வரைக்கும் சத்தம் இருக்கும்னு பாடத்துல மொத வரி, நான் பதினஞ்சு வருஷமா போர்டுல எழுதிட்டு இருந்தேன், அவ கையால தொட்டு சொன்னா. அதுக்குள்ள இன்னொருத்தன் ஆப்புக்குள்ள போய் ரெண்டு சத்தத்துக்கு நடுவுல எவ்வளவு நேரம் விடணும்னு ஒரு செட்டிங் இருக்கறத கண்டுபிடிச்சுட்டான். அப்புறம் தட்ட விட்டுட்டு ரெண்டு மர ஸ்கேல தட்டினோம். வித்தியாசம் 0.029, 0.028, 0.031 செகண்ட்னு வந்துச்சு. 10 மீட்டர அதால வகுத்துப் பாத்தா செகண்டுக்கு 345, 357, 323 மீட்டர். புக்ல 331-னு தான இருக்கு, நாம தப்பா பண்ணிட்டோமான்னு கேட்டாங்க. அது ஜீரோ டிகிரில சார்னு ஒருத்தன் புக்க திறந்து காட்டினான், யாரும் சொல்லாம புக்க திறந்தான். 0.001 செகண்ட் மாறினாலே 12 மீட்டர் மாறுதேன்னு ஒருத்தன் கணக்கு போட்டான், அப்போ இன்னும் தூரமா வச்சா தப்பு குறையும்ல சார், வராண்டாக்கு போலாம்னு இன்னொருத்தன். ரெண்டு பீரியட் போச்சு, ஆனா அந்த கிளாஸ்ல ஒருத்தன் கூட இத பாத்துட்டோம்னு சொல்லல, அவங்க எடுத்த நம்பர் எந்த வீடியோலயும் இருக்காதே.

ரெண்டு ஃபோன் கூட கிடைக்காத நாளுக்கு ஃபெட் சிமுலேஷன் இருக்கு, அமெரிக்காவுல கொலராடோ யூனிவர்சிட்டி 2002-ல ஆரம்பிச்சது, நோபல் வாங்கின கார்ல் வீமன் தொடங்கினது, தமிழ்லயும் இருக்கு, நெட் இல்லாமலும் ஓட்டலாம். ஆனா அதையும் மொதல்லயே ஓட்டிக் காட்டாதீங்க. "இந்தக் கயிற இழுத்து கட்டினா அலை வேகமா போகுமா மெதுவா போகுமா, நோட்ல எழுதிட்டு நிமிந்து பாருங்க"ன்னு சொல்லிட்டு அப்புறம் ஓட்டுங்க. எழுதி வச்சவனுக்கு ஸ்கிரீன்ல நடக்கறது அவன் விஷயம், எழுதாதவனுக்கு அது இன்னொரு வீடியோ.

அந்த ரீல்ஸ் எடிட் பண்ற பையனப் பத்தி நீங்க எழுதினதுதான் என்ன ரொம்ப தொட்டுச்சு, ஏன்னா நானே ஒரு பையனுக்கு தப்பு பண்ணியிருக்கேன். அவன் கைல எந்த மிஷின் குடுத்தாலும் ஓடும். புரொஜெக்டர் ஓடலயா கூப்பிடு அவன, ஹெச்.எம். ரூம்ல பிரிண்டர் மக்கர் பண்ணுதா கூப்பிடு, எமிஸ்ல, அதான் பசங்க விவரம் ஏத்தற கல்வித்துறை வெப்சைட்ல, என்ட்ரி ஏறலயா கூப்பிடு. எல்லாரும் அவன புகழ்ந்தோம், நானும்தான். பத்தாவதுல சயின்ஸ்ல ஃபெயில் ஆனான். அப்புறம்தான் எனக்கு உறைச்சுது, வாரத்துக்கு நாலு பீரியட் நாங்களே அவன வெளிய நிறுத்தியிருக்கோம், பாடத்துக்கும் அவன் திறமைக்கும் சம்பந்தமே இல்லன்னு நாங்களே அவனுக்கு சொல்லிக் குடுத்திருக்கோம். உங்க பையன ஸ்டாஃப் ரூம் ஃபோன் சரி பண்ண கூப்பிடறத மொதல்ல நிறுத்துங்க டீச்சர், குறைஞ்சது சயின்ஸ் பீரியட்ல. அதுக்கு பதிலா அவனுக்கு பாடத்துக்குள்ள ஒரு வேலை குடுங்க. இப்படி சொல்லிப் பாருங்க: மார்கழி கேள்விய டீக்கடைலயும் உங்க தெருவுலயும் பத்து பேர்கிட்ட கேட்டு, அவங்க சம்மதம் வாங்கி ரெக்கார்டு பண்ணு, அப்புறம் நம்ம கிளாஸ்ல எடுத்த ரீடிங்க வச்சு எது சரின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லு, எங்கயும் அப்லோடு பண்ணாத, நம்ம ஸ்மார்ட் போர்டுல போடுவோம். ஒரே கண்டிஷன், எடிட்டிங்ல உக்கார்றதுக்கு முன்னாடி ஸ்கிரிப்ட்ட, கணக்கோட, சயின்ஸ் நோட்ல எழுதி உங்ககிட்ட காட்டணும், வீடியோ ஓடி முடிஞ்சதும் கிளாஸ் கேக்கற மூணு கேள்விக்கு நின்னு பதில் சொல்லணும். அவன் நோட்ட திறப்பான். கிளைமாக்ஸ்ல சரியான விடைய வைக்கணும்னா அந்த விடை அவனுக்கு புரிஞ்சாகணும்ல. 19 மார்க் உடனே 60 ஆகாது, அத எதிர்பாத்து ஏமாந்துடாதீங்க, அரையாண்டுல 30 வந்தாலே கூப்பிட்டு கைய குடுங்க.

சாட்ஜிபிடி விஷயத்துல உங்களுக்கு கோவம் வரது நியாயம்தான், ஆனா போலீஸ் வேலை பாத்து ஜெயிக்க முடியாது, எது அவன் எழுதினது எது மிஷின் எழுதினதுன்னு கண்டுபிடிக்கறதுலயே உங்க ராத்திரி போயிடும். மொதல்ல நாம குடுக்கற அசைன்மென்ட்ட பாருங்க. 'ஒலியின் பண்புகளை விவரி'ன்னு குடுத்தா கைடு இருந்த காலத்துல கைட பாத்து எழுதினாங்க, இப்ப இத பாத்து எழுதறாங்க, ரெண்டும் காப்பிதான். மிஷினுக்கு தெரியாதத கேளுங்க. 10-வதுக்கு மின்சாரம் நடத்தறப்ப நான் குடுக்கறது, ஒரு வாரம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க வீட்டு ஈபி மீட்டர் ரீடிங்க எழுதிட்டு வா, எந்த நாள் யூனிட் ஏறிச்சு, அன்னிக்கு வீட்ல என்ன நடந்துச்சு. ஒருத்தன் வீட்ல விருந்தாளி வந்திருப்பாங்க, ஒருத்தி வீட்ல கிரைண்டர் ஓடியிருக்கும். 75 வாட் பழைய ஃபேன் 13 மணி நேரம் ஓடினா சுமாரா ஒரு யூனிட்னு அவங்களே கணக்கு போட்டுட்டு, இலவசமா கிடைக்கற யூனிட்ல எத்தன நாள் ஃபேன் ஓட்டலாம்னு வாதம் பண்ணுவாங்க. இத மிஷின்ட்ட கேட்டா அது கற்பனையாத்தான் நம்பர் குடுக்கணும், பக்கத்து வீட்டுக்காரனே கிளாஸ்ல இருப்பான், மாட்டிக்குவாங்க.

மிஷின ஒரேயடியா ஒதுக்கவும் வேண்டாம். மாசத்துக்கு ஒருதடவை, "மார்கழில கோயில் மைக் ஏன் தூரமா கேக்குது"ன்னு நீங்களே அதுகிட்ட கேட்டு, வந்த பதில பெருசா போர்டுல போடுங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல மூணுல ஒண்ணு எழுதணும்: புக்ல இருக்கு, நாமளே பண்ணி பாத்தோம், இன்னும் தெரியல. தெரியலன்னு வர வரிகளத்தான் அடுத்த வாரத்துக்கு தேடச் சொல்லணும். அது அவ்வளவு சரளமா எழுதற வரில கூட தப்பு இருக்கலாம்னு ஒருதடவை அவங்க கண்ணால பாத்துட்டா, அப்புறம் அப்படியே எழுதிட்டு வர கை கொஞ்சம் தயங்கும். எழுதிட்டு வந்தவன்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க, திட்ட வேண்டாம், "இதுல அலைவுன்னு எழுதியிருக்கியே, இந்த ரப்பர் பேண்ட வச்சு காட்டு" போதும்.

நீங்க எழுதாம விட்ட ஒண்ண நான் கேக்கறேன். 42 பேர்ல எத்தன பேருக்கு வீட்ல ஃபோன் தொட கிடைக்குது? பாத்துட்டோம் மிஸ்னு கத்தறது அஞ்சாறு பேர்தான் இருக்கும், கிளாஸ்ல அவங்க குரல்தான் பெருசா கேக்கும். ஒரே ஃபோன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டு போயிடுவார், ராத்திரி வந்தா அண்ணன் கைக்கு போகும், பொம்பளப் புள்ளைக்கு அம்மா கூட நின்னு பாத்திரம் கழுவற நேரம் அது. அதனால நெட் இருந்தாத்தான் செய்ய முடியும்ங்கற ஹோம்வர்க் மட்டும் குடுத்துடாதீங்க. ஃபோன வச்சு பண்றது எல்லாம் கிளாஸ்ல, உங்க ஃபோன்ல, எல்லாருக்கும் நடுவுல. குரூப் பிரிக்கறப்ப ஃபோன ஆப்பரேட் பண்றவன் ஒவ்வொரு தடவையும் மாறணும், தெரிஞ்சவன் வாயால சொல்லணும், தெரியாத பிள்ளை விரலால செய்யணும். ஒரு பீரியட்டுக்கு இத மட்டும் கறாரா பிடிச்சுக்கோங்க, கிளாஸ் முகமே மாறும்.

போர்ஷன் முடிக்கணுமே, பத்தாவதுக்கு பப்ளிக் இருக்கேன்னு நினைப்பீங்க, நினைக்கத்தான் வேணும். எல்லா பீரியடும் இப்படி நடத்த சொல்லல, யாராலயும் முடியாது. வாரத்துக்கு ஒரு கேள்வி, பத்து நிமிஷம். மாசத்துக்கு ஒரு அளவெடுக்கற வேலை, ரெண்டு பீரியட். மத்ததெல்லாம் நீங்க வழக்கமா நடத்தற மாதிரியே போர்டும் புக்கும் புக் பேக் கொஸ்டினுமா நடக்கட்டும். ஹெச்.எம். சத்தத்த கேட்டு எட்டிப் பாத்தா உள்ள கூப்பிட்டு அவர் கைலயும் ஒரு அட்டைய குடுத்து ஓட்டு போட சொல்லுங்க. எங்க ஹெச்.எம். ஏ காட்டினார், பசங்க அவருக்கு காரணம் சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் என் கிளாஸ் சத்தத்தப் பத்தி அவர் ஒருநாளும் கேட்டதில்ல.

ஒலி பாடம் எப்ப வருதுன்னு பாத்து ஒரு வாரம் முன்னாடியே வீட்ல ரெண்டு ஃபோன வச்சு ஒருதடவை நீங்களே தட்டிப் பாத்துக்கோங்க. மர ஸ்கேல், இல்லன்னா டஸ்டர் கட்டை, தட்டு வேண்டாம், இல்ல, தட்டோடவே ஆரம்பிங்க, யார் எழுந்து வந்து அமுக்கறாங்கன்னு பாக்கலாம். ஃபேன் எல்லாத்தையும் அந்த அஞ்சு நிமிஷம் நிறுத்தணும், பக்கத்து கிளாஸ் டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க, ரெண்டு ஃபோனையும் ஏரோபிளேன் மோடுல போட்டுடுங்க, நடுவுல கால் வந்தா ரீடிங் போயிடும்.